மடுல்சீமைக்கு ஒரு சென்சர்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற தம்பி தங்கைமாரே, நீங்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள். கழுத்தில் அட்டை தொங்குகிறது, கையில் கம்பனி கொடுத்த போன் இருக்கிறது. நான் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பதுளை பஜாரில் ஒரு பாமசிக்குப் போத்தல் கழுவப் போனேன். பதினைந்து வருடம் கழித்து அதே தெருவில் என் பெயரில் கடை திறந்தேன். இதைச் சொல்லிக்காட்டுவதில் எனக்கு வெட்கம் கிடையாது. விரலில் குத்திச் சீனி பார்க்கிற மெஷினை இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் முதலில் கொண்டுபோனவன் நான்தான். தொண்ணூறுகளில் தோட்டத்து மருந்துக் காம்பிராக்களில் மூத்திரத்தை நீல மருந்தோடு கொதிக்கவைத்து, நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் ஒரு சொட்டு இரத்தத்தில் இலக்கத்தைக் காட்டினேன். துரைமாரே நாற்காலியை விட்டு எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்கள்.

தோட்டத்தில் என்னை 'மெஷின் அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மலையில் யாருக்குச் சீனி வருத்தம், யாருடைய மெஷினில் பற்றரி தீர்ந்திருக்கும் என்பதெல்லாம் எழுதாமலே என் தலைக்குள் இருந்தது. கேட்ட கேள்விக்கு 'தெரியாது' என்று சொல்லி ஒரு வியாபாரத்தையும் நான் விட்டதில்லை. தெரியாதென்றாலும் தெரியும் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய்த் தெரிந்துகொண்டு வருவேன். அப்படித்தான் முன்னுக்கு வந்தேன். அதே குணம் ஒரு உயிரை, இல்லை இரண்டு உயிரை, எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாயிரங்களின் கடைசிப் பக்கம் அது. உடம்பில் ஒட்டுகிற சென்சரை நீங்கள் இன்று மூக்குத்தி குத்துவதுபோல லேசாகக் குத்திவிட்டு வருகிறீர்கள். அன்று அதை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பதுளையில் கிளினிக் வைத்திருந்த பெண் டொக்டர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு நாள் கடைக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, உடம்பில ஒட்டி வைக்கிற சென்சர் எண்டு ஒண்டு கொழும்புக்கு வந்திருக்காம். உங்களால எடுக்க ஏலுமோ?"

"அதெல்லாம் நம்மகிட்ட இருக்குங்க டொக்டர்."

"இருக்கோ, இல்லையோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"புதன்கிழமை இருக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. "இது விளையாட்டு இல்லை அண்ணை. ஒரு பிள்ளைத்தாச்சிக்கு," என்றார்.

மடுல்சீமையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற புவனேஸ்வரி டீச்சருக்குத்தான் அது. பன்னிரண்டு வயதில் நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்து, அன்றிலிருந்து நாளுக்கு நான்கு தடவை இன்சுலின் போட்டுக்கொள்பவர். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. இப்போது மறுபடி ஐந்து மாதம். இரத்தத்தில் சீனி கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. கூடக்கூடாதென்று இன்சுலினை ஏற்றினால் திடீரென்று இறங்கித் தாய் விழுந்துவிடுவார். மற்றவர்களுக்கு இறங்கும்போது கை நடுங்கும், பசிக்கும், முன்கூட்டியே தெரியும். டீச்சருக்கு இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த அறிகுறியே மங்கிப்போயிருந்தது. விழுகிறபோதுதான் தெரியும். அதனால்தான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக இலக்கம் காட்டி, இறங்கினால் அதிர்ந்து எச்சரிக்கிற சென்சரை டொக்டர் தேடினார்.

செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போனேன். அங்கே ஒரு ஏஜென்சியில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து பழகிக்கொண்டு, டீச்சருக்கு இரண்டு சென்சரும், கடையில் காட்டிவைக்க ஒன்றும் வாங்கிக்கொண்டு புதன்கிழமை திரும்பினேன். சொன்னால் சொன்னதுதான். வருகிற வழியில் அந்தப் பெட்டியை மூன்று இடத்தில் இறக்கித் திறந்து காட்ட வேண்டியிருந்தது. ஊசி, வயர், பற்றரி எல்லாம் உள்ள பெட்டியோடு பஸ்ஸில் வருகிற தமிழனை அந்த யுத்தக் காலத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டொக்டர் சிங்களத்தில் எழுதிக் கொடுத்திருந்த துண்டுதான் என்னைப் பெரகல சந்தி தாண்டவைத்தது.

அடுத்து இன்சூரன்ஸ். ஒரு சென்சர் ஒரு கிழமை, ஏழு நாள்தான் தாங்கும். பிள்ளை பிறக்கிறவரைக்கும் கிழமைக்கு ஒன்று போட டீச்சரின் முழுச் சம்பளமும் போதாது. புருசன் ராஜகுமார் தோட்டத்து ஒப்பீசில் கிளாக்கர். அவருக்குத் தோட்டம் எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்புறுதி மனைவிக்கும் சேரும். நானும் ராஜகுமாரும் காப்புறுதிக் கம்பனியின் பதுளைக் கிளைக்குப் போய் அங்கிருந்த அதிகாரியைப் பார்த்தோம். நல்ல மனிதர்தான், ஆனால் புத்தகத்தை விட்டு விரலை எடுக்க மாட்டார்.

"ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி தங்கினா நாங்க கட்டுவோம். வெளியில ஒட்டிக்கிட்டுத் திரியிற சாமானுக்குக் கட்ட இதுல எடமில்லீங்க," என்றார்.

"அப்ப விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனா காசு, விழாம இருந்தா காசு இல்ல?" என்று கேட்டேன்.

"நான் எழுதின புத்தகமா இது?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். "ரெண்டு கிழமை போட்டுப் பாருங்க. விரல்ல குத்தினா தெரியாத எறக்கத்தை இது கண்டுபிடிக்குதுன்னு பதிவைக் கொண்டாங்க. டொக்டர் கடிதத்தோட விசேசமாக் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கிறேன்."

ஆக, அந்த இரண்டு கிழமைப் பதிவில்தான் எல்லாம் இருந்தது. டொக்டர் அதைப் பார்த்துத்தான் இன்சுலின் அளவைத் தீர்மானிப்பார். இன்சூரன்ஸ் அதைப் பார்த்துத்தான் மீதி மாதங்களுக்குச் சென்சர் கொடுக்குமா என்று தீர்மானிக்கும்.

ஒரு விசயத்தை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இன்றைய சென்சர் விரலைக் கேட்பதில்லை. அன்றையது கேட்கும். காலையும் மாலையும் விரலில் குத்தி, சாதாரண மெஷினில் வருகிற இலக்கத்தை அதற்கு ஊட்ட வேண்டும். அந்த இலக்கத்தை நம்பித்தான் அடுத்த நேரம்வரைக்கும் தன் கணக்கை அது சரிபண்ணிக்கொள்ளும். நேரம் தவறக்கூடாது. டீச்சருக்குக் கையில் சென்சரைப் போட்டுவிட்டு, இதை மறக்காமலிருக்க நானாக ஒரு யோசனை சொன்னேன். எவ்வளவு கெட்டித்தனமான யோசனை என்று அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"டீச்சர், காலையில அத்தை பெரட்டுக்குக் கெளம்பிறப்ப சாயத்தண்ணி ஊத்துவீங்க. சாயந்தரம் மலையால வந்தோடன திரும்ப ஊத்துவீங்க. ரெண்டும் தவறாது. அந்த நேரத்துக்கே குத்திடுங்க. ஸ்பிரிட் பஞ்சால விரலைத் துடைச்சுட்டுக் குத்தினாப் போதும்."

சாயத்தண்ணி என்பது பாலில்லாத தேநீர்; பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்கிற இடம். ராஜகுமாரின் அம்மா மாரியாயி, மகன் கிளாக்கராகித் தோட்டம் கொடுத்த குவாட்டசுக்கு வந்த பிறகும் கொழுந்து எடுப்பதை விடவில்லை. 'மகன் சோறு போடுவான், வெத்தலை யாரு போடுவா' என்பது அவர் பேச்சு. அவரும் அங்கே நின்று நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொட்டு ஒட்டினதுக்கா எம் மவன் பதுளை வரைக்கும் அலைஞ்சான்?" என்றார்.

"பொட்டு இல்லம்மா. உள்ளுக்கு ஒரு நூல் மாதிரி இருக்கு. அது சொல்றதை நம்பி நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

"நான் தூங்கிருவேன். அது தூங்காம இருந்தாச் சரி."

முதல் கிழமை ஒரு இறக்கமும் காட்டவில்லை. எல்லாம் கூட இருந்தது. நூற்றி எண்பது, இருநூறு. பதிவைப் பார்த்த டொக்டருக்கே ஆச்சரியம். "இவ்வளவு ஏறிக்கொண்டிருக்குதெண்டு எனக்குத் தெரியேல்லையே," என்று காலை ஊசியையும் இரவு ஊசியையும் கொஞ்சம் கூட்டினார். நான் கடையில் உட்கார்ந்து, மெஷின் இல்லாவிட்டால் இது தெரிந்திருக்குமா என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணியிருக்கும். ராஜகுமார் போன் எடுத்தார். மூச்சு வாங்கியது. ஒப்பீசிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறார்.

"அண்ணே, டீச்சர் ஒரு மாதிரியாப் பேசுது. பிள்ளைங்க பேரை மாத்தி மாத்திக் கூப்பிடுது. வேர்த்து ஊத்துது. ஆனா சென்சர்ல நூத்தி அறுபதுன்னு காட்டுது. சீனித்தண்ணி குடுக்கவா, வேணாமா?"

இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ. ஆளைப் பார்த்தால் எப்படி இருக்கிறது, விரலில் குத்திப் பார்த்தீர்களா, எப்போது சாப்பிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இலக்கம் காதில் விழுந்தது, அதுவே போதும் என்று நினைத்தேன். என் மெஷின். ஊவா மாகாணத்துக்கே முதலாவது சென்சர் அது.

"நூத்தி அறுபதுன்னா எறக்கம் இல்ல தம்பி. பயத்துல வேர்க்குது. சீனி குடுத்தா ஏறிப்போகும், வயித்துப் பிள்ளைக்குக் கூடாது. கொஞ்சம் படுக்கவைங்க," என்றேன்.

போனில் வேறொரு குரல் கேட்டது. மாரியாயி. பள்ளிக்கூடத்துக்கு மேல் மலையில்தான் அன்று கொழுந்து. யாரோ கூப்பிட, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடேயே இறங்கி வந்திருக்கிறார்.

"என்னடா பேசிக்கிட்டு நிக்கிற?"

"மெஷின் அண்ணே சீனி வேணாங்கிறாரும்மா."

"அவரு பதுளையில நிக்கிறாரு. நான் இவ மொகத்துக்கு முன்னால நிக்கிறேன். நவுரு."

பிறகு போனில் ஒரே சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. வைத்துவிட்டார்கள். அரை மணித்தியாலம் கழித்துத்தான் செய்தி வந்தது. மாரியாயி ஒரு கோப்பைத் தண்ணீரில் கைநிறையச் சீனி போட்டுக் கலக்கி, தலையைப் பிடித்து வாயில் ஊற்றியிருக்கிறார். பத்து நிமிடத்தில் டீச்சருக்குத் தெளிந்து, 'ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க' என்று கேட்டிருக்கிறார்.

எனக்குச் சந்தோசம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை மறைத்துப் பிரயோசனமில்லை. என் பேச்சைத் தட்டி, படிப்பறிவில்லாத ஒரு மனுசி சீனியை ஊற்றியிருக்கிறாள், எனக்கும் பெரிய படிப்பில்லை என்பதை அந்த நேரம் மறந்துவிட்டு அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் மத்தியான பஸ்ஸில் மடுல்சீமைக்கு ஏறினேன். மெஷின் சரி என்று நிரூபிக்கத்தான் போனேன்.

சாயந்தரம் குவாட்டசுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாரியாயி மலையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ராஜகுமார் நாற்காலி போட்டார். டீச்சர் சாயத்தண்ணி ஊற்றினார். எங்கள் தோட்டத்துப் பழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். சாயத்தண்ணியில் சீனியைப் போட்டுக் கலக்குவதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்போம். கொஞ்சச் சீனியில் ஒரு கோப்பை முடியும். அந்த வீட்டில் சீனி டின் டீச்சர் பொறுப்பில் இருந்தது. தான் வாயில் வைக்காத சீனியை மற்றவர்களுக்கு அவர்தான் பங்கு போடுவார். ஏனென்றால் மாரியாயி கையில் டின் போனால் மாதத்துச் சீனி பத்து நாளில் தீர்ந்துவிடும்.

டீச்சர் மூன்று விரலால் அள்ளி மாரியாயியின் கையில் வைத்தார். ராஜகுமாருக்கு வைத்தார். எனக்கும் வைத்தார். பிறகு நான் பழக்கிக்கொடுத்த மாதிரியே, ஒரு பிசகில்லாமல், அதே கையின் விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்தினார். மெஷினில் இருநூற்றிப் பதினொன்று. சென்சரின் ரிசீவரை எடுத்து அந்த இலக்கத்தை அழுத்தினார்.

"பாருங்க, இருநூத்துக்கு மேல. நேத்து சீனி ஊத்தினதோட மிச்சம்," என்றேன் மாரியாயியைப் பார்த்து.

அவர் சாயத்தண்ணியைக் குடித்தார்.

நானும் குடித்து முடித்தேன். உள்ளங்கை பிசுபிசுத்தது. எழுந்துபோய்க் கழுவச் சோம்பல்பட்டு, பையிலிருந்து ஒரு ஸ்பிரிட் பஞ்சை எடுத்துத் துடைத்தேன். காய்ந்த பிறகும் விரல் ஒட்டியது. இன்னொன்றை எடுத்துத் துடைத்தேன். அப்பவும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிப் பிரிந்தன. அந்த ஒட்டலை இன்றைக்கும் என்னால் உணர முடியும். ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், சீனியைக் கரைத்து எடுக்காது. அந்தச் சின்ன விசயம் பதினைந்து வருடமாக எனக்குத் தெரியாது.

என் மெஷினை எடுத்து, துடைத்த அந்த விரலில் குத்தினேன். எனக்குச் சீனி வருத்தம் கிடையாது. மெஷினில் வந்தது இருநூற்றித் தொண்ணூற்றெட்டு.

மாரியாயி எட்டிப் பார்த்தார். இலக்கம் அவருக்கு வாசிக்கத் தெரியாது, என் முகத்தை வாசித்துவிட்டார்.

"என்னங்க, ஊருக்கெல்லாம் வித்த வருத்தத்தை நீங்களும் கொஞ்சம் வாங்கிக்கிட்டீங்களா?"

வாசல் பீலிக் குழாய்த் தண்ணீரில் சவுக்காரம் போட்டு இரண்டு கையையும் கழுவினேன். துடைத்துவிட்டு வேறு விரலில் குத்தினேன். நூற்றி ஆறு. பிறகு டீச்சரிடம், "நீங்களும் கையைக் கழுவிட்டு வாங்கம்மா," என்றேன். அவர் கழுவிவிட்டு வந்து குத்தினார்.

அறுபத்தொன்று.

அந்த இலக்கத்தைப் பார்த்ததும் மாரியாயி பிஸ்கட் பக்கற்றைத் தேடி உள்ளே போனார். டீச்சர் கழுவிய விரலின் இலக்கத்தை ரிசீவரில் அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அது அதிர்ந்தது. பத்து நாளில் முதல் தடவை.

டீச்சர் அழவில்லை, சத்தம் போடவில்லை. "அப்ப, பத்து நாளா நான் எறங்கித்தான் இருந்திருக்கேன். அதுக்கு மேல கூட்டி வேற ஊசி போட்டிருக்கேன்," என்றார். கை வயிற்றின் மேல் இருந்தது. "பிள்ளைக்கு ஒன்னும் ஆகியிருக்காதுங்களா?"

தெரியும் என்றுதான் வாய் வரப்பார்த்தது. அடக்கிக்கொண்டு, டொக்டருக்குப் போன் எடுக்கக் கிளம்பினேன். குவாட்டசில் சிக்னல் கிடையாது. மேலே கோயில் திருப்பத்துக்கு ஏறினால்தான் கிடைக்கும். ஏறுகிற வழியில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மெஷின் கொஞ்சம் கோளாறு என்று சொல்லலாம். டீச்சர் கை கழுவாமல் விட்டுவிட்டார் என்றும் சொல்லலாம், அது பொய்யுமில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் டொக்டர் சென்சரைக் கழற்றச் சொல்வாரே தவிர, கூட்டிய ஊசியை இன்றைக்கே குறைக்க வேண்டும் என்று நினைப்பாரா? அந்தச் சந்தேகம்தான் என்னை நேராகப் பேசவைத்தது.

"டொக்டர், பதிவு முழுக்கப் பிழைங்க. நான் பிழையாச் சொல்லிக் குடுத்துட்டேன். சீனி பட்ட கையை ஸ்பிரிட்டால துடைச்சாப் போதும்ன்னு சொன்னேன். சாயத்தண்ணி நேரத்துலயே குத்தச் சொன்னதும் நான்தான்."

டொக்டர் முதலில் கேட்டது இதைத்தான்.

"இப்ப கழுவின விரலில எவ்வளவு?"

"அறுபத்தொன்னுங்க."

"சரி. நான் கூட்டினதெல்லாத்தையும் விட்டிட்டு, இண்டைக்கு இரவு ஊசியைப் பழைய அளவிலயும் ரெண்டு யூனிட் குறைச்சுப் போடச் சொல்லுங்கோ. நாளைக்குக் காலமை கூட்டிக்கொண்டு வாங்கோ, பிள்ளையின்ர துடிப்பைப் பாக்க வேணும்." பிறகு, "அண்ணை, நானும் அந்தப் பதிவை நம்பினனான்தானே. எனக்கும் கேள்வி வந்திருக்க வேணும்," என்றார்.

அவர் படித்த படிப்புக்கு அப்படிச் சொல்லத் தேவையே இல்லை. என்னைத் திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் பிள்ளையின் துடிப்பு நன்றாக இருந்தது. ஆனால் இன்சூரன்சுக்குக் கொடுக்க வேண்டிய பதிவு ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தது. கிளினிக் வாசலில் ராஜகுமார் என்னைத் தனியாக இழுத்தார்.

"அண்ணே, ஒன்னு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. பள்ளிக்கூடத்துல எறங்கினது நெசந்தானே? அதை மட்டும் சென்சர் கண்டுபிடிச்ச மாதிரி எழுதிக் குடுத்துட்டா என்னா? யாரு வந்து பார்க்கப் போறா?"

இந்தக் கேள்விக்கு நான் உடனே நல்ல பதில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். யோசித்தேன். எழுதுவது ராஜகுமார், காசு கட்டுவது எங்கோ இருக்கிற கம்பனி, போய்ச்சேர்வது ஒரு பிள்ளைத்தாச்சிக்கு. ஆனால் இல்லாத ஒரு இலக்கத்தை நம்பித்தான் முந்தாநாள் அவர் மனைவி விழப்பார்த்தாள். அதையே திரும்பவும் காகிதத்தில் செய்ய என் கை வரவில்லை.

இரண்டு பேரும் அதிகாரியிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப உங்க மெஷினே பொய் சொல்லும். பொய் சொல்ற மெஷினுக்கு நாங்க எதுக்குக் காசு கட்டணும்?"

"மெஷின் பொய் சொல்லலீங்க. நான் அதுக்குப் பொய்யை ஊட்டினேன். இன்னொரு கிழமை தாங்க. கழுவின கையோட பதிவு கொண்டாறேன்."

"சென்சர் யாரு தர்றது?"

"நான்."

கடையில் காட்டிவைக்க வாங்கிய சென்சர் ஒன்று இருந்தது என்று சொன்னேனே, அடுத்த மாதம் பண்டாரவளையில் டொக்டர்மாருக்கு முன்னால் போட்டுக்காட்டி, இந்த மாகாணத்துக்கே ஏஜென்சி எடுக்க வைத்திருந்தது அதுதான். அதை டீச்சர் கையில் போட்டேன். பண்டாரவளையில் வேறொருவர் போட்டுக்காட்டினார், ஏஜென்சி அவருக்குப் போனது. அதைப் பற்றி இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தக் கிழமைப் பதிவு நேராக வந்தது. விடிவதற்கு முன்னால் ஒரு இறக்கம், முற்பகல் பத்து மணிக்கு ஒரு இறக்கம், கிட்டத்தட்ட எல்லா நாளும். கொழும்பிலிருந்து வந்த பதிலில் நான்கு சென்சருக்கு மட்டும் சம்மதம் தந்து, இதை வேறு யாரும் உதாரணமாகக் காட்டக்கூடாது என்றும் எழுதியிருந்தார்கள். டீச்சர் ஒரு கிழமை சென்சர், இரண்டு கிழமை கழுவிய விரல் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார். சீனி டின்னை மாரியாயியிடம் கொடுத்துவிட்டார். சீனி பத்து நாளில் தீரத்தான் செய்தது.

நான் அந்த மாதங்களில் என் மெஷின் போன தோட்டமெல்லாம் திரும்ப ஏறி இறங்கினேன். ஸ்பிரிட் போதாது, முதலில் சவுக்காரமும் தண்ணீரும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். சாயத்தண்ணியும் கையில் சீனியும் இல்லாத வீடு எது? பதினைந்து வருடத்தில் எத்தனை பேருக்கு என் இலக்கத்தைப் பார்த்துக் குளிசை கூட்டினார்கள், எத்தனை பேர் மலையில் தலைசுற்றி விழுந்து வெயில் என்று நினைத்துக்கொண்டார்கள், எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. நீங்கள் போடுகிற புதுச் சென்சர் விரலைக் கேட்காது என்பதற்காக இது உங்களுக்கு இல்லாத கதை என்று விட்டுவிடாதீர்கள். அதுவும் ஒரு வீட்டுக்குள்தான் போகிறது. அந்த வீட்டில் எந்த நேரம் என்ன நடக்கிறது என்று ஒரு கோப்பை சாயத்தண்ணி குடிக்கிற நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். போனில் கேட்டால், முதலில் ஆளைப் பற்றிக் கேளுங்கள், இலக்கம் பிறகு.

முப்பத்தேழாவது கிழமையில் டீச்சருக்குப் பதுளையில் ஒப்பரேசன் செய்தார்கள். நானும் போயிருந்தேன். கூப்பிடாமலே போனேன். பொம்பிளைப் பிள்ளை, அழுகைச் சத்தம் வெளியில் கேட்டது. மாரியாயி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. சீனி வருத்தக்காரரின் குழந்தைக்குப் பிறந்தவுடன் சீனி இறங்கிப் போகலாம் என்று குதிகாலில் குத்திப் பார்ப்பார்கள். ராஜகுமார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, கால்ல குத்திப் பார்த்தாங்க. ஐம்பத்தெட்டாம். நல்லதா?"

எழுபதுக்குக் கீழே எந்த இலக்கம் வந்தாலும் ஓடு என்று ஊரெல்லாம் படிப்பித்தவன் நான். 'ஐயோ குறைவு' என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இத்தனை காலமும் நான் பார்த்ததெல்லாம் பெரியவர்களின் விரல். பிறந்து ஒரு மணித்தியாலமான குதிகாலை நான் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியல தம்பி," என்றேன். "உள்ள போய் டொக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க."

மாரியாயி திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கும் தெரியாதது இருக்கா?"

"இருக்குங்க."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். அன்றைக்கு வாங்கில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன். உள்ளே அழுகை நின்றிருந்தது, அது நல்லதா கெட்டதா என்றும் எனக்குத் தெரியவில்லை. ராஜகுமார் திரும்பி வர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"பச்சப் புள்ளைக்கு அது நல்ல இலக்கமாம். பால் குடுத்துக்கிட்டு இருக்கு."